மவுஸ் தொடாத கை

இப்போது எனக்கு திருவள்ளூரில் வேலை. ஓர் அலுவலகத்தில் நாற்பது சொச்சம் கம்ப்யூட்டர்கள். அதில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கை மவுஸுக்குப் போகாது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துவேன். திரையின் இடது மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் ஒரு சொல்லை அடித்து என்டர் தட்டினால் நெட்வொர்க் பக்கமோ பிரிண்டர் பக்கமோ நேராக வந்து நிற்கும். செட்டிங்ஸ், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று தேடிக்கொண்டு போகிற வேலையே கிடையாது. பக்கத்தில் நிற்கிறவர்கள், "எங்க சார் கத்துக்கினீங்க, கோர்ஸா?" என்று கேட்பார்கள். "வேபிரிட்ஜ்ல" என்பேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வேபிரிட்ஜ் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஒரு கம்பெனியின் வாசலில் இருந்தது. லாரி ஏறி நின்றால் எடை காட்டும் இரும்பு மேடை. அதையொட்டி ஒரு சின்ன அறை. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சிவப்பு எண்களில் எடை காட்டும் ஒரு பெட்டி, டிரைவர்கள் காகிதம் நீட்டுகிற ஜன்னல். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே கான்ட்ராக்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காலை ஆறு முதல் இரண்டு வரை எங்கள் ஷிப்ட். எங்கள் என்றால் நானும் ஓர் அக்காவும்.

அக்கா அதே கம்பெனியில் கம்பியைக் கட்டாகக் கட்டும் மெஷினில் வேலை செய்தவள். ஒருநாள் அந்த மெஷின் அவளுடைய வலது கையின் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். உனக்கு லைட் வேலை தருகிறோம் என்று சொல்லி இந்த அறையில் உட்கார வைத்தார்கள். பத்தாவது வரை படித்திருந்ததால் லாரி நம்பரும் பார்ட்டி பெயரும் அடிப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. நான் சேர்ந்த அன்று அந்தக் கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளே கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாத்துக்கோ தம்பி. மூணு நாள் பாத்தா பழகிடும். அப்பால வேலையப் பாரு."

மூன்று நாள்கூட ஆகவில்லை. இரண்டாம் நாளே நான் பார்த்தது வேறு. கீபோர்டின் வலது ஓரத்து எண் பட்டன்களில் அவளுடைய சுண்டுவிரல் ஓடுகிற ஓட்டம். கட்டைவிரல் என்டருக்கு. என்னுடைய ஐந்து விரலும் சேர்ந்து ஒரு லாரி நம்பரை அடித்து முடிப்பதற்குள் அவள் அடித்து, ஸ்லிப்பைக் கிழித்து, ஜன்னலில் நீட்டியிருப்பாள்.

மவுஸ்தான் அவளுக்கு எதிரி. சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லாமல் அதைப் பிடித்து நகர்த்தி அழுத்துவது லேசில்லை. இடது கையால் முயன்றிருக்கிறாள். "கோலம் போடற மாதிரி சுத்தினே கீது, புள்ளி மேல நிக்க மாட்டேங்குது" என்பாள். மேஜையின் இடது பக்கம் முழுக்க எடைப் பெட்டியும் ஜன்னலும். டிரைவர்களிடம் காகிதம் வாங்குவதும் அந்தக் கைதான்.

நல்ல வேளையாக அந்த அறையில் எந்த மவுஸும் மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. உலையிலிருந்து வரும் கருந்தூள் ஜன்னல், சுவர், சாப்பாட்டு டப்பா எதையும் விடாது. மவுஸின் வயிற்றில் எரியும் சிவப்புக் கண்ணில் போய் அப்பிக்கொள்ளும். திரையில் அம்புக்குறி தத்துக்கிளி மாதிரி தாவும். புதிது கேட்டு எழுதிக் கொடுத்தால் ஸ்டோர்ஸிலிருந்து வர ஒரு மாதம். ஆகவே பாதி நாள் எங்களுக்குக் கீபோர்டுதான் கதி.

முதல் குறுக்குவழி எங்களுக்குக் கிடைத்தது தேதியால். கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியோடு ஸ்லிப் அடித்துக் கொடுத்தால் கேட்டில் செக்யூரிட்டி லாரியைத் திருப்பி அனுப்புவார். டிரைவர் வந்து ஜன்னலில் நின்று, "இன்னாம்மா, நான் பொறக்கறதுக்கு முன்ன லோடு ஏத்தினேனா?" என்பார். தேதியை மாற்ற மவுஸால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் தொட வேண்டும். மவுஸோ படுத்திருக்கும். ஒரு நாள் வெளியே ஏழு லாரி நிற்க, அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டேய், படிச்சவன்தானே நீ. இத்த தொடாம தேதிய மாத்தறதுக்கு ஒரு வழி இருக்காது?"

போனில் தேடினேன். விண்டோஸும் ஆரும் சேர்த்து அழுத்து, பெட்டி வந்ததும் டைம்டேட், புள்ளி, சி பி எல் என்று அடி, என்டர். அடித்தேன். தேதிப் பெட்டி எதிரில் வந்து நின்றது. அக்கா வீணாய்ப்போன ஸ்லிப் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கம் அதை எழுதிச் சுவர் ஆணியில் குத்தினாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றுக்குத்தான் ஃபேன் காற்று வரும். யார் அன்றைக்குப் புதிதாக ஒரு வழி கொண்டுவருகிறார்களோ அவருக்கு ஃபேன் நாற்காலி. கும்மிடிப்பூண்டி வெயிலில், உலைக்குப் பக்கத்தில், அது சின்னப் பரிசு இல்லை. நான் ரயிலில் வரும்போதே போனில் தேடிக்கொண்டு வருவேன். அக்கா கவரைப்பேட்டையில் ஏறுவாள். எனக்குத் தெரியாமல் அவளும் தேடியிருப்பாள். அவளுடைய மகள் எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் டீச்சரிடம் அந்தப் பெண்ணைக் கேட்டுவரச் சொல்லியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, விண்டோஸும் ஐயும். நேரா செட்டிங்ஸ்."

"அது நேத்தே தெரியும். எந்திரி."

"நேத்தே தெரிஞ்சா நேத்தே சொல்லணும்."

"ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு எத்த சொல்லி ஃபேன்ல உக்கார்றது? எந்திரிடா."

இப்படியே ஆணியில் ஸ்லிப்புகள் தடித்தன. எடைப் பெட்டியிலிருந்து வரும் வயரை யாராவது பிடுங்கி வேறு ஓட்டையில் செருகிவிட்டால் திரையில் எடை வராது, பூஜ்யம் காட்டும். விண்டோஸும் எக்ஸும், பிறகு எம். உள்ளே போய் அம்பு பட்டனால் இறங்கி அந்த ஓட்டையின் நம்பரை மாற்ற வேண்டும். பிரிண்டர் வரிசையில் மாட்டிக்கொண்ட ஸ்லிப்பை அழிக்க ஒன்று. திரையைப் பூட்ட ஒன்று. மவுஸ் செத்த நாட்களில் மற்ற ஷிப்ட்காரர்கள் ஆபீஸுக்குப் போன் போட்டுக் காத்திருந்தபோது எங்கள் ஷிப்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் எங்களைப் பாராட்டியதாக நினைவில்லை. எங்களுக்கு அது தோன்றவும் இல்லை.

மூன்று பட்டன் சேர்த்து அழுத்த வேண்டியவை மட்டும் அக்காவுக்கு வராது. ஒரு கை போதாது. இரண்டு கையும் வைத்தால் ஜன்னலில் நீட்டும் காகிதத்தை யார் வாங்குவது? "இது உன்னுது, நீயே வெச்சிக்கோ" என்று அந்த ஸ்லிப்புகளைத் தனி ஆணியில் மாட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கழனி வேலையிலிருந்து லோடுமேன் வேலைக்கு வந்தவர். எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் சீட்டு, ரேஷன் கடை ஃபாரம், விதைப் பாக்கெட். "இன்னா போட்டுக்கீறான் பாரு" என்பார். பாதி படித்து நிறுத்தினால் திட்டு விழும். அப்படி வளர்ந்ததால் திரையில் வரும் பெட்டிகளையும் நான் கடைசி வரி வரை படிப்பேன். மற்றவர்கள் படிக்காமலே மூடுவார்கள்.

அக்கா யோசிக்கும்போது ஷிப்ட் பட்டனை டக்டக்கென்று தட்டுகிற பழக்கம் உள்ளவள். ஐந்து தட்டு ஆனதும் கம்ப்யூட்டர் ஒரு கூச்சல் போட்டு ஒரு பெட்டியைக் காட்டும். "வந்துட்டான் பேஜாரு புடிச்சவன்" என்று அவள் மூடுவாள். தினமும் மூன்று தடவையாவது இது நடக்கும். ஒரு நாள், "மூடாதக்கா, இரு" என்றேன். இங்கிலீஷை மெல்லக் கூட்டிப் படித்தேன். ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும், சேர்த்துப் பிடிக்க வேண்டாம், இதைப் போட்டுவிடட்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா கேக்குது?"

"உனக்கு ஒத்த விரல் போதுமான்னு கேக்குதுக்கா."

ஆம் என்று கொடுத்தேன். அவள் சுண்டுவிரலால் கன்ட்ரோலைத் தட்டிவிட்டாள். ஷிப்டைத் தட்டிவிட்டாள். எஸ்கேப்பைத் தட்டினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அவள் அந்தத் தனி ஆணியில் இருந்த ஸ்லிப்புகளை உருவியெடுத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "இரு நைனா, வரேன்!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். "இவ்ளோ நாளா தெனமும் வந்து கேட்டுக்கீறான். நான் மூஞ்சில அடிச்சாப்புல மூடிக்கீறேன் பாரேன்" என்றாள்.

நாங்கள் எல்லோரும் ஒரே லாகினில்தான் வேலை செய்தோம். மூன்று ஷிப்டுக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். அது மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். ஒருவர் போட்ட செட்டிங் அடுத்தவருக்கும் அப்படியே போகும். இந்த ஒத்தைவிரல் செட்டிங்கால் அதில் தொந்தரவு வரவில்லை. அடுத்த ஷிப்ட்காரர் வந்து இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தியதும் அது தானே அணைந்துவிடும். மறுநாள் காலை அக்கா ஐந்து தட்டு தட்டித் திரும்ப எழுப்புவாள். இவ்வளவு மரியாதையான ஒரு செட்டிங்கைப் பார்த்துவிட்டு, எல்லா செட்டிங்கும் இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியதுதான் பின்னால் வினையாகிவிட்டது.

மூன்றாம் வருடம் புது சாஃப்ட்வேர் வந்தது. மேடைக்கு மேல் கேமரா வைத்தார்கள். லாரியைப் படம் எடுத்தால்தான் ஸ்லிப் அடிக்கும். இனிமேல் ஷிப்டுக்கு ஒரே ஆபரேட்டர் போதும் என்றார் இன்சார்ஜ். எங்கள் மூன்று ஷிப்டையும் பார்த்துக்கொள்பவர் அவர். முதல் ஷிப்ட் அக்காவுக்கு, இரண்டாவது ஏற்கெனவே அதில் இருந்த ஓர் அண்ணனுக்கு, மூன்றாவது எனக்கு. மாத முதல் தேதியிலிருந்து என்று சொன்னார். தூசிக்குத் தாங்கும் நல்ல மவுஸும் ஒன்று வந்திறங்கியது.

அந்த சாஃப்ட்வேரில் எல்லாக் கட்டத்துக்கும் டேப் பட்டனால் போக முடிந்தது, ஒன்றைத் தவிர. படம் எடு என்ற பச்சைக் கட்டத்தில் மட்டும் டேப் நிற்காது. தாண்டிப் போய்விடும். அதை மவுஸால் அழுத்தியே தீர வேண்டும். அக்கா இரண்டு கைகளாலும் அந்த மவுஸைப் பிடித்து, அம்புக்குறியைப் பச்சைக்குக் கொண்டுபோய், கட்டைவிரலால் அழுத்தும்போது மவுஸ் அசைந்து வேறு எதையோ அழுத்திவிடும். ஒரு லாரிக்குப் பத்து நிமிடம் ஆனது. இன்சார்ஜ் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இப்படிப் போனா லைன் ரோட்டுக்குப் போயிடும். உன்னால ஆகலன்னா சொல்லிடு. கான்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டுக்கினு இருக்காங்க. மாத்திவிடறேன்."

அவர் போனதும் அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். "இத்த வெச்சிக்கினு அண்டா தேய்க்கச் சொல்றான் பாரு" என்றாள். அதன் பிறகு மதியம் வரை தமாஷே இல்லை. அந்த நாற்காலி போனால் கம்பெனியில் அவளுக்கு வேறு இடம் கிடையாது. இரண்டு விரலில் அண்டா நிற்காது. நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் ஒரு மாதத்தில் அவளே வேலையை விட்டு நின்றுவிடுவாள். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று நான் விண்டோஸும் யூவும் அழுத்தினேன். ஒத்தைவிரல் செட்டிங் குடியிருந்த பக்கம் அதுதான். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தேன். மவுஸ் என்ற தலைப்பின் கீழ் இருந்தது: எண் பட்டன்களையே மவுஸாக்கலாம். நான்கு இடம், ஆறு வலம், எட்டு மேலே, இரண்டு கீழே. ஐந்து அழுத்தினால் கிளிக். போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சுண்டுவிரலை ஆறில் வைத்தாள். அம்புக்குறி மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. பச்சைக்கு மேல் வந்ததும் ஐந்தைத் தட்டினாள். மேடையில் நின்ற லாரியின் மூஞ்சி திரையில் பளிச்சென்று விழுந்தது.

"டேய்," என்றாள் அக்கா. ஃபேன் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

இரண்டு மணிக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். செட்டிங் தானாக அணைந்துவிடும் என்ற நம்பிக்கை. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இது அணையாது. மறுநாள் காலை கேட்டுக்குள் நுழையும்போதே இரண்டாம் ஷிப்ட் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார். முந்தின நாள் அவர் எண் பட்டன்களில் லாரி நம்பர் அடித்தால் ஒரு எண்ணும் விழவில்லை. அம்புக்குறி மட்டும் திரையில் ஊர்ந்திருக்கிறது. கீபோர்டை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அதற்குள் லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டது. "பேய் புடிச்ச மாதிரி தானா போவுதுடா அது! டிரைவருங்க என் ஊட்டு பொம்பளைங்கள எல்லாம் இஸ்துட்டானுங்க. இன்னாடா பண்ணி வெச்சீங்க?" என்றார். பின்னாலேயே இன்சார்ஜ்.

"யார் செட்டிங்கைத் தொட்டது?"

அந்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய மாதம். அப்பா இடுப்பு வலி என்று லோடு தூக்குவதை நிறுத்தியிருந்தார். வாயைத் திறக்க எனக்குச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை.

"நான்தான் சார்," என்றாள் அக்கா.

"இல்ல சார், நான். அக்காவுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றேன். தாமதமாகச் சொன்னதால் அது பொய் மாதிரி கேட்டது.

இன்சார்ஜ் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கட்கிழமை காலைல பன்னண்டு வண்டி வரிசையா வரும். ஒரு மணி நேரம். நீ மட்டும் உள்ள உக்காரு. இவன் உள்ள வரக் கூடாது. பன்னண்டும் போச்சுன்னா சீட் உன்னுது. இல்லன்னா கான்டீன். இன்னொரு தடவை அடுத்த ஷிப்டுக்குத் தொல்லை குடுத்தாலும் கான்டீன்தான்."

நான்கு நாட்கள் இருந்தன. நான் செய்த தப்பை நானே சரிசெய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் ஒரு சின்ன டிக் கட்டம். நம்லாக் எரியும்போது மட்டும் மவுஸாக வேலை செய் என்று பொருள்படும் வரி. நம்லாக் என்பது எண் பட்டன்களை இயக்கும் பட்டன். அது போட்டிருந்தால் கீபோர்டில் ஒரு பச்சை விளக்கு எரியும். எல்லா ஷிப்டிலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது விளக்கு எரிந்தால் எண், அணைந்தால் மவுஸ். இனி அண்ணன் எங்கே எண் அடித்தாலும் எண்ணே விழும். அவரையே கூப்பிட்டு அடித்துக் காட்டச் சொன்னேன். அவர் பத்து லாரி நம்பர் அடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

ஆனாலும் நேரம் இடித்தது. ஒவ்வொரு லாரிக்கும் விளக்கை அணைத்து, சுண்டுவிரலால் அம்புக்குறியைப் பச்சைக்கு நகர்த்தி, ஐந்து தட்டி, விளக்கைப் போட்டு... போனில் நேரம் பார்த்தேன். எப்படி முயன்றும் ஒரு மணி நேரத்துக்கு எட்டு வண்டிதான். வெள்ளிக்கிழமை எட்டு. சனிக்கிழமையும் எட்டு. அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டினேன். பச்சையைத் தாண்டி ஓடியது. குறைத்தேன். ஆமை. நான் இன்னொரு குறுக்குவழி தேடினேன், அதற்கு மேல் இல்லை. அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வுடுடா, பாத்துக்கலாம். நாஷ்டா துண்ணியா?" என்று அவள்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை மூட்டமாக இருந்தது. பன்னிரண்டு லாரி வரிசையில் நின்றன. பாதி வண்டி ஆந்திரா பக்கமிருந்து வந்தவை. இன்சார்ஜ் உள்ளே போய் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கதவைச் சாத்தினார். என்னை லாரி வரிசையை ஒழுங்கு பண்ணச் சொல்லிவிட்டார். ஜன்னல் கண்ணாடியில் கருந்தூள் படிந்திருந்ததால் உள்ளே இரண்டு உருவங்கள் மட்டுமே தெரிந்தன. திரை தெரியவில்லை. ஸ்லிப் வாங்கிய லாரி மேடையை விட்டு இறங்கினால் உள்ளே வேலை முடிந்தது என்று பொருள். அவ்வளவுதான் எனக்குத் தெரியக்கூடியது.

முதல் லாரி இறங்கியது. சாதாரண நேரம்தான். இரண்டாவது சீக்கிரம் இறங்கியது. மூன்றாவது ஏறி, டிரைவர் ஜன்னலில் காகிதம் கொடுத்துப் பீடியை எடுத்துப் பற்றவைப்பதற்குள் ஸ்லிப் வெளியே நீண்டது. நான் போனை எடுத்து மணி பார்த்தேன். நான்காவதும் அப்படியே. எட்டு வண்டிக்கணக்கு எனக்குள் உடைந்துபோனது. என்னவோ மாறியிருந்தது. நான் தேடித் தராத எதுவோ.

உள்ளே என்ன நடந்தது என்று மதியம் அக்கா சொன்னாள். முதல் லாரிக்கு மட்டும்தான் அம்புக்குறியைப் பச்சைக்கு நகர்த்தியிருக்கிறாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டாள். மற்ற கட்டங்களுக்கெல்லாம் டேப் போதுமே, அம்புக்குறியை அங்கிருந்து எதற்கு எடுக்க வேண்டும்? அடுத்தடுத்த லாரிக்கு விளக்கை அணை, ஐந்து, விளக்கைப் போடு. மூன்று தட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம். நல்ல மவுஸ் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு லாரிக்கும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, மவுஸைத் தேடி, திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். நான் அவ்வளவு படித்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது லாரிகள் மட்டும். ஒன்பது. பத்து. பதினொன்றாவது மேடையில் நிற்கும்போதே கதவு திறந்து இன்சார்ஜ் வெளியே வந்தார். இன்னும் ஒரு வண்டி பாக்கி இருந்தது, அந்த ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் மிச்சமிருந்தது. என்னைத் தாண்டிப் போகையில் நின்றார்.

"மூணாவது ஷிப்டுக்கு உன்னை ஒண்ணாம் தேதிலேர்ந்து போட்டுடறேன். லேட்டா வராத," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு மூன்றாவது என்றால் முதல் ஷிப்ட் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கடைசி வண்டியை மேடையேற்றிவிட்டு, அவர் பின்னால் ஓடிப்போய்க் கேட்கலாமா என்று காலைத் தூக்கிவிட்டேன்.

அதற்குள் அந்த வண்டியும் மேடையை விட்டு இறங்கிவிட்டது. அதன் டிரைவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். தடா பக்கத்து ஆள். வரிசையில் கடைசி என்பதால் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று ரோட்டோரக் கடையில் உட்கார்ந்திருந்தவர். ஒரு கையில் ஸ்லிப், இன்னொரு கையில் பாதி குடித்த டீ டம்ளர்.

"இன்னா நைனா, இன்னிக்கு யாரு உள்ள? ஒரு டீயக் கூட முழுசா குடிக்க உட மாட்டேங்கறாங்க. கூப்புட்டு, ஏத்தி, எறக்கி, சீட்டக் கையில குடுத்துட்டாங்க."

"அக்காதான்," என்றேன்.

"அந்தம்மாவா? நாளைக்கும் அவங்கதானே?"

"நாளைக்கும் அவங்கதான்."

"அப்ப நாளைக்கு டீயக் குடிச்சிட்டே வரேன்," என்று சொல்லி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன்.